அப்பா முன்னால் மாட்டிய கம்ப்யூட்டர்

ஆட்டோவிலிருந்து இறங்கிய பெரிய அட்டைப்பெட்டியைக் கண்டதும் பந்தலில் இருந்த பெண்கள் ஒப்பாரியைப் பாதியில் விட்டு எட்டிப் பார்த்தார்கள். "மாப்ள வீட்டுலருந்து டிவி வந்திருக்கு போல" என்றாள் ஒருத்தி. கோடித்துணி வர வேண்டிய நேரத்தில் டிவியை எவன் அனுப்புவான் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்ற காமராஜ் கொட்டுக்காரர்களையும் வாசலில் கட்டிக்கொண்டிருந்த பாடையையும் மாறி மாறிப் பார்த்தான். மதுரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். முதல் பஸ்ஸில் ஏறி வந்தவனுக்கு, கருத்தையா அண்ணாச்சி விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது எப்படித் தெரியும்?

"திருப்பி ஏத்துங்க. ஆள் போயிட்டாவ, சாமான் வேண்டாம்" என்றான் மகன் இசக்கிராஜா.

கூடத்தில், அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள் மகள் ஜெயப்பிரியா. "ஒண்ணும் திரும்பாது. எறக்குங்க."

"எழவு வீட்டுல புதுச் சாமான் பிரிப்பாவளாட்டி? மாப்ள கோடி எடுத்துக்கிட்டுக் கழுகுமலையிலருந்து கெளம்பிட்டாரு. காரியம் முடிஞ்சதும் நீ அவரு காருல ஏறுத. அந்தப் பெட்டிக்கு இங்கன வேல இல்ல."

"எனக்கு இங்கன வேல இருக்கு."

அண்ணனின் கணக்கு அவளுக்குப் புரியாமல் இல்லை. பெட்டி திரும்பினால் அவளும் திரும்ப வேண்டியதுதான். பங்குனியில் பாதி உடைந்த முன்பல்லோடு புருஷன் முத்துசெல்வத்தின் வீட்டிலிருந்து வந்தவள் அவள். அப்பா அந்தப் பல்லைப் பார்த்தார். எப்படி உடைந்தது என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு மகளிடம் பேச்சையே நிறுத்திவிட்டார். வேலைக்குப் போன டிடிபி சென்டரில் கம்ப்யூட்டரில் அவள் வரைந்த தீப்பெட்டி லேபிள் ஒன்று கைக்குக் கிடைத்தபோதுதான் வாயைத் திறந்தார். "இத வீட்டுலருந்தே செய்ய என்ன வேணும்?" என்றார். நம்ம தீப்பெட்டி ஆபீஸுக்கு மட்டுமில்லை, ஊரில் இருக்கிற மற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்கும் செய்யலாம் என்றார். சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது.

மெழுகை மோந்து பார்த்து, குச்சியை ஒடித்துப் பார்த்து வாங்கியே பழகிய மனுஷன். கம்ப்யூட்டரையும் அப்படியேதான் வாங்குவேன் என்று நின்றார். கடை கடையாகப் போய் ஒவ்வொரு கேபினெட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மானிட்டர் பெரியதாக வேண்டும் என்று அவள் சொன்னதற்கு, "லேபிளு ரெண்டு வெரல் அகலம். அத வரைய இம்புட்டுப் பெரிய கண்ணாடி எதுக்கு?" என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மானிட்டரில் அவள் ஜெயித்தாள். கேபினெட்டில் அவர் ஜெயித்தார். பீரோ மாதிரி கனத்தது அது. மதர்போர்டில்தான் இரண்டு பேரும் விடவில்லை. படம் காட்டுவதற்குத் தனிக் கார்டு போடுகிற போர்டு வேண்டும் என்றாள் அவள். எல்லாம் ஒன்றிலேயே இருக்கிறதை வாங்காமல் தனித்தனியாக வாங்குகிறவன் மடையன் என்றார் அவர்.

நேற்றுச் சாப்பாட்டிலும் அதே சண்டைதான். "ஒங்களுக்குத் தீப்பெட்டி தெரியும். இது தெரியாது, விட்டுருங்க" என்று சொல்லிவிட்டாள். தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். விடிவதற்குள் முடிந்துபோனது. அம்மா சொர்ணத்தாய் மாரில் அடித்துக்கொண்டு முதலில் சொன்னதே, "மல்லுக்கு நின்னே கொன்னுட்டியேட்டி" என்பதுதான். வருகிறவர்கள் காதிலெல்லாம் அது ஏறிவிட்டது.

காமராஜ் பெட்டியை மெல்லக் கீழே வைத்தான். "அண்ணாச்சி, நான் போயிருதேன். ஆனா பெரிய அண்ணாச்சி கண்டிசனா சொல்லியிருந்தாவ, சாமான் எல்லாம் பிரிக்காம கொண்டாந்து அவிய கண்ணு முன்னாலதான் மாட்டணும்னு. அதனாலதான் நேர்ல வந்தேன்."

"அப்ப மாட்டுங்க" என்றாள் ஜெயப்பிரியா. "கண்ணு முன்னாலதான இருக்காவ."

கூடம் கொதித்தது. இசக்கிராஜா கையை ஓங்கிக்கொண்டு வந்தான். சுவரோரம் கிடந்த சொர்ணத்தாய் தலையைத் தூக்கினாள்.

"ஏலே, கைய எறக்கு. அவிய சொல்லிட்டுப் போனத மாத்த இங்கன எவனுக்கும் அதிகாரம் கெடையாது." பிறகு மகள் பக்கம் திரும்பி, "ஒனக்காவச் சொல்லலட்டி" என்றாள்.

கால்மாட்டில் ஒரு போர்வையை விரித்து உட்கார்ந்தான் காமராஜ். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினான். ஊதுவத்திப் புகைக்கு நடுவில் ஸ்குரூவெல்லாம் தட்டில் விழுந்து சிணுங்கியது. துட்டி கேட்க வந்தவர்கள் பிணத்தைப் பார்த்துவிட்டு இதையும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் மதர்போர்டை உறையிலிருந்து எடுத்ததும் ஜெயப்பிரியாவின் கண் அதன் மேல் போய் நின்றது.

"இது எந்த போர்டு?"

"பெரிய அண்ணாச்சி கேட்டதுதாங்க்கா. எல்லாம் ஒண்ணுலயே இருக்கும்."

"தனியா கார்டு போட எடம்?"

"இதுல கெடையாதுக்கா. அவிய இதுதான் வேணும்னாவ. போன வாரமே போன் போட்டு முடிவா சொல்லிட்டாவளே."

"போன வாரமா?"

"ஆமாக்கா. போன திங்கக்கெழமை."

அவள் ஐஸ் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தாள். போன திங்கட்கிழமையே முடிந்துபோன விஷயத்துக்கா இந்த வாரம் முழுக்க, நேற்றுச் சோற்றுத்தட்டு வரைக்கும், அவளோடு மல்லுக்கு நின்றார்? "ஏமாத்திட்டியரே" என்று கண்ணாடியில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "சொல்லிட்டு வாங்க மாட்டீரா? இம்புட்டு நாளும் என்னத்துக்குய்யா என் வாயக் கிண்டினீரு?" காலையிலிருந்து ஒரு சொட்டு விடாத கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். பெண்கள் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு கூடவே ஒப்பாரி வைத்தார்கள்.

முத்துசெல்வம் கோடியோடு வந்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. துணியைப் போர்த்தியவன் கால்மாட்டில் பரப்பியிருந்த வயர்களைப் பார்த்துவிட்டு, "துணிமணிய எடுத்து வச்சுக்கோ" என்றான்.

"கோடி போட வந்தீரு, போட்டுட்டீரு. அத்தோட கெளம்பும்."

"ஒங்கப்பன் போயிட்டாரு. இனி எவன் சோறு போடுவான்?"

"நான் பாத்துக்கிடுதேன்."

இத்தனை பேர் முன்னால் அவன் பல்லைக் கடிக்க மட்டும்தான் முடிந்தது. உடைந்த பல்லை மறைக்காமல் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கொட்டுச் சத்தம் தெருமுனை தாண்டியதும் பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். சொர்ணத்தாய் தலைமாட்டு இடத்தில் விளக்கேற்றி வைத்தாள். ஐஸ் பெட்டிக்காரன் வயரைச் சுருட்டிக்கொண்டு போனான். அந்த பிளக்கில்தான் காமராஜ் கம்ப்யூட்டரை மாட்டினான். கூடத்தில் வேறு பிளக் இல்லை. ஈரத்தில் படாமல் மானிட்டரை ஸ்டூல் மேல் ஏற்றியிருந்தான்.

அவன் பொத்தானை அமுக்கப்போகும்போது இசக்கிராஜா வந்தான். ஈரவேட்டி, மழித்த தலை. "மாப்ள சுடுகாட்டுலருந்தே போயிட்டாரு. இனி வர மாட்டாரு. சந்தோசந்தான?" என்றான். சண்டைக்குத் தெம்பில்லாமல் அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரி வரியாக ஓடி நின்றது.

"புதுசுல்லாக்கா, தேதி கேக்குது. குடுக்கலன்னா பழைய வருசத்துலயே நிக்கும். இன்னைக்கு என்ன தேதி?"

காமராஜ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"ஆவணி ஏழு" என்றான் இசக்கிராஜா. சுடுகாட்டில் திதிக்காகக் கேட்டுச் சொன்னது வாயிலேயே இருந்தது.

"இங்கிலீஷ் தேதி, அண்ணாச்சி."

"ஆகஸ்டு…" என்று ஆரம்பித்தவன் மழித்த தலையைத் தடவிக்கொண்டு, "இருவத்திமூணு" என்றான்.

ஜெயப்பிரியா கீபோர்டை மடிக்கு இழுத்தாள். இரண்டைத் தட்டினாள், மூன்றைத் தட்டினாள். மாதத்துக்குப் போகாமல் விரல் கொஞ்ச நேரம் அந்த மூன்றின் மேலேயே இருந்தது.