ஏழு கயிறுகளில் எது சத்யபாமாவுடையது

1

யாங்கூனில் ஒரு குறுகிய தெரு. பச்சை பால்கனி வைத்த எட்டு மாடிக் கட்டடம். மேலிருந்து ஏழு கயிறுகள் தொங்குகின்றன. அவற்றில் ஒன்று சத்யபாமாவுடையது. எது என்று கீழே நிற்கும் குழந்தைவேலுவுக்குத் தெரியவில்லை. எழுதுகிற எனக்கும் தெரியவில்லை. கதை மூன்று வாரமாக இதே இடத்தில் நிற்கிறது.

கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தரப் போய், ஒரு கயிற்றில் மாட்டி இழுத்தேன். குடை மேலே போயிற்று. அது நண்பரின் கயிறு இல்லை. எடுத்துக்கொண்டவர் சிரித்துக் கையசைத்தார். குடைக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது இந்தக் கதை. (மழைக்காலமாக இருந்திருந்தால் குடையைத்தான் கேட்டிருப்பேன்.)

கயிறு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் என்னால் நகர முடியாது, மன்னியுங்கள். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை; படிக்கட்டு வாசலில் பூட்டிய இரும்புக் கதவு. ஆகவே தரைத்தளம் தவிர, மாடிக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு கயிறு. கீழ் முனையில் காகிதம் கவ்வும் கிளிப், மேல் முனையில் சின்ன மணி. பேப்பர்காரர் தாளைக் கவ்வவைத்து இழுப்பார், மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் தூக்கிக்கொள்வார். விருந்தாளி வந்தால் அவரும் இழுப்பார். மேலே ஒரு தலை எட்டிப் பார்க்கும். கிளிப்பில் சாவி இறங்கும். பாதி நாள் கரண்ட் இல்லாத ஊரில் இதைவிட நம்பகமான அழைப்பு மணி கிடையாது.

2

"இலையுதிர்காலத்தின் கடைசி நாள்களில் யாங்கூன் நகரம் பொன்போல"

விட்டுவிட்டேன். இங்கே நவம்பரில் இலை உதிர்வதில்லை. மழை நிற்கிறது, அவ்வளவுதான். சென்னையில் அப்போதுதான் கொட்டத் தொடங்கும்.

2 (மறுபடியும்)

குழந்தைவேலுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை. மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. நகரின் ஓரத்தில், தாகேதா பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். கோயில் கமிட்டியில் துணைத் தலைவர். சத்யபாமாவுக்கு ஐம்பத்தொன்று. மருந்துக் கடையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனி வீடு. கோயிலில் எல்லோரையும்போல அவரை 'அண்ணே' என்பாள். வெளியே எப்படியும் கூப்பிடுவதில்லை.

அந்த வெளியேதான் கதை. உட்கார்ந்து பேசினால் ஊர் பார்க்கும். ஊர்சுற்றிப் பார்க்கிறவர்களை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆகவே இருவரும் ஞாயிறுதோறும் பத்தடி இடைவெளி விட்டு நடந்தார்கள். பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருந்தும் ஏறிட்டுப் பார்க்காத இடங்களை எல்லாம் இரண்டே மாதத்தில் பார்த்து முடித்தார்கள். சூலே புத்தர் கோயிலை மூன்று சுற்று. செங்கல் நிறப் பழைய தலைமைச் செயலகத்தை வேலிக்கு வெளியே இருந்து. உயர்நீதிமன்றக் கடிகாரத்தில் அவர் மணி பார்த்தார், பூங்காவில் இருந்தபடி அவள் அவரைப் பார்த்தாள்.

ஷ்வேடகோன் புத்தர் கோயிலில் மட்டும் கிட்ட நிற்க முடிந்தது. அங்கே பிறந்த கிழமைக்கு ஒரு மூலை. புதன்கிழமையை முற்பகல், பிற்பகல் என்று இரண்டாகப் பிரித்திருப்பதால் ஏழு நாளுக்கு எட்டு மூலை. அவர் புதன் பிற்பகல், அந்த மூலையின் சின்னம் தந்தமில்லாத யானை. அவள் வெள்ளி. இரண்டும் அடுத்தடுத்த மூலைகள். சாமிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் நிறையத் தண்ணீர் ஊற்றினார்கள்.

3

போன வாரம் போடத்தவுங் படகுத்துறை. கடற்பறவைகள் வந்துவிட்டன. அவர் ஒரு பறவைக்குத் தீனி போட்டபடி அதைப் பார்த்தே கேட்டார்.

"நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

(பறவை பதில் சொல்லவில்லை.)

"ஊரெல்லாம் பாத்தாச்சு," என்றாள் சத்யபாமா. "இன்னும் என்ன பாக்கி?"

"மிருகக்காட்சிசாலை இருக்கு."

"அங்கேயும் பத்தடி தள்ளித்தான் நிப்பீங்க. கூண்டுக்குள்ள இருக்கிறது யாருன்னு ஜனங்க குழம்பிடுவாங்க." தெருவையும் பச்சைப் பால்கனிக் கட்டடத்தையும் சொன்னாள். "ஞாயித்துக்கெழம காலைல வாங்க. கயித்த இழுங்க. எனக்குச் சம்மதம்னா சாவி இறங்கும்."

"இல்லேன்னா?"

"இறங்காது."

எத்தனையாவது மாடி என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் ஆசை தெரிந்துவிடும் என்று நினைத்தார். கல்யாணத்துக்குக் கேட்ட பிறகு!

4

அண்ணாந்து பார்த்தால் கயிறுகள் விளம்பரப் பலகைக்கும் டிஷ் ஆண்டெனாவுக்கும் பின்னால் போய்க் கலந்துவிடுகின்றன. போன் செய்தார். டவர் இல்லை. எதிரே அப்துல் பாரியின் டீக்கடை. பர்மிய மரியாதைச் சொல்லான 'ஊ' சேர்த்து அங்கிருந்தே பாரி கூப்பிட்டார்.

"என்ன ஊ வேலு, இந்தப் பக்கம்? யாரப் பாக்கணும்?"

"சும்மா, கட்டடத்தப் பாக்கிறேன்."

"இதையா? நாப்பது வருஷமா நான் பாக்கிறேன், ஒண்ணும் தேறல."

முதல் மூன்று வரைவுகளில் சத்யபாமா மாடியைச் சொல்ல மறந்ததாக எழுதியிருந்தேன். அது பொய். தொள்ளாயிரம் மருந்துப் பெட்டிகளில் கேட்டதைத் திரும்பிப் பார்க்காமல் எடுக்கிறவள் மறக்கமாட்டாள். அவள் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இது எனக்கே நான்காவது வரைவில்தான் புரிந்தது. குழந்தைவேலுவுக்கு இன்னும் இரண்டு டீ ஆகும்.

முடிவு அ: தவறான கயிற்றில் தவறான வீட்டுச் சாவி இறங்குகிறது. சிரிப்பு வரும். நான் மாட்டிய குடையைப் போலவே அதுவும் போகவேண்டிய இடத்துக்குப் போகாது.

முடிவு ஆ: அவர் பேசாமல் தாகேதா பஸ் ஏறுகிறார். மேலே அவள்

வேண்டாம். இதுதான் அழகான முடிவு என்று பத்து நாள் நம்பினேன். பத்திரிகைகளுக்கும் பிடிக்கும். ஆனால் கயிறு வேலை செய்கிறது, மணி வேலை செய்கிறது. வேலை செய்யாத ஒரே பாகம் கீழே நிற்கும் மனிதர் என்றால், ரிப்பேர் பார்க்காமல் எப்படி விடுவது?

5

இரண்டாவது டீ முடிந்தது. குழந்தைவேலு முதல் கயிற்றை இழுத்தார். ஒரு பர்மியப் பெண் எட்டிப் பார்த்தாள். "தவறுதலாக" என்று பர்மிய மொழியில் முணுமுணுத்தார். இரண்டாவது கயிற்றில் சவரம் பாதி முடிந்த ஒருவர். அவரிடமும் அதுவே.

"கட்டடம் பாக்கிறவங்க மணி அடிக்கமாட்டாங்களே!" என்றார் பாரி. "யாருன்னு சொல்லுங்க, நான் ஒரு சத்தம் குடுக்கிறேன்."

"வேணாம் பாரி. நானே கூப்பிடுறேன்."

"யாரை?"

"சத்யபாமாவ."

"கேக்கல."

"சத்யபாமாவ! பொண்ணு கேட்டு வந்திருக்கேன்!"

டீக்கடையில் எல்லாக் கோப்பைகளும் மேஜைக்கு இறங்கின. இனி நிறுத்தவும் முடியாது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று இழுத்தார். ஒவ்வொரு தலையும் கேட்டது, ஒவ்வொரு தலைக்கும் பெயரைச் சொன்னார், ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சத்தமாக. ஆறு தலைகளும் உள்ளே போகாமல் அங்கேயே நின்று பார்த்தன.

ஏழாவது மணி அடித்தது. சத்யபாமா எட்டிப் பார்த்தாள். தலை வாரி, பூ வைத்திருந்தாள்.

"யாரு?" என்றாள், தெரியாதவள்போல.

"குழந்தைவேலு!"

அவள் உள்ளே போனாள். கிளிப்போடு கயிறு மேலே ஏறத் தொடங்கியது.

சாவி இறங்கியதா என்று நான் எழுதப்போவதில்லை. கீழே நின்று கிளிப்பைப் பார்க்கும் வேலை உங்களுடையது. நான் சிக்கியிருந்த சிக்கலுக்கு மட்டும் விடை சொல்கிறேன்: எந்தக் கயிறு என்று தெரியாவிட்டால் ஏழையும் இழுக்க வேண்டும், யாரைத் தேடி வந்தோம் என்பதைத் தெருவே கேட்கும்படி சொல்ல வேண்டும்.