பெரிய காசுகள் எங்கே

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று அக்கா கிண்டல் செய்வாள். அவளைப் புதைத்துவிட்டு வந்த பிறகு அது மூக்கில் நிற்கவில்லை, கைக்கு இறங்கிவிட்டது.

அவள் வீட்டுச் சமையலறையிலேயே வைத்து எவனோ அவளை அடித்துக் கொன்றிருந்தான். ஒரே அடியில் அல்ல. வலது கை விரல்களை ஒவ்வொன்றாக உடைத்த பிறகு. வீட்டில் காணாமல் போனது ஒரு வெல்வெட் பெட்டி மட்டும். உள்ளே எட்டுத் தங்கக் காசுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. பழங்கால ராஜாக்களின் நாணயங்களைச் சிறிதாக்கி அச்சடித்து, சான்றிதழோடு விற்பார்களே, அந்த நகல்கள். செத்துப்போன அத்தான் ஏமாந்து வாங்கியது.

அடகுக் கடையில் தங்கத்தை மதிப்பிடுவது என் பிழைப்பு. அந்தக் காசுகளை உரைகல்லில் உரசிப் பார்த்து, முக்கால்வாசி செம்பு என்று அக்காவிடம் சொன்னவள் நான்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உங்க அத்தான் மாதிரியே மேல மட்டும் மினுக்கு என்றாள்.

இன்ஸ்பெக்டர் கையை விரித்துவிட்டார். ஆயிரக்கணக்கில் அச்சடித்த சரக்கு, கிடைத்தாலும் இதுதான் அது என்று யார் சொல்வது என்றார். நான் சொல்வேன் என்றேன். பாவம் புத்தி பேதலித்துவிட்டது என்பதுபோல் பார்த்தார்.

ஒரு மழைநாள் மத்தியானம் அவன் கடைக்கு வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, ஷேவ் செய்த முகம். கைக்குட்டையை அவிழ்த்து மேசையில் கொட்டினான். எட்டுக் காசுகள்.

லென்ஸை எடுத்தேன். ராஜாவின் கழுத்துக்குக் கீழே 'நகல்' என்ற பொடி எழுத்து. விளிம்பைத் திருப்பினேன். கிரீடத்துக்கு மேலே உரசிய தழும்பு. நான் இடக்கைக்காரி. என் தழும்பு மற்றவர்களுடையதைப்போல் இல்லாமல் எதிர்ப்பக்கம் சாயும். எட்டிலும் அதே இடத்தில், அதே சாய்வு. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

ஆனால் இவன் வேறு யாரிடமாவது வாங்கியிருக்கலாம். அது தெரியாமல் இவனை விடவும் முடியாது, தொடவும் முடியாது. சாரல் அடிக்கிறது என்று சொல்லி முதலாளியைக் கதவைச் சாத்தச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளையும் போட்டார்.

எடை போட்டேன். ஒரு காசை உரைகல்லில் உரசி ஆசிட் விட்டதும் கோடு கரைந்துபோனது. எட்டையும் உருக்கினால் மெல்லிய மோதிரம் ஒன்று தேறும், அவ்வளவுதான் என்றேன். அவன் முகம் சுண்டியது. மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"இதுக்குப் பெருசு இருக்கும்ல? சின்னதா செஞ்சு வெளிய வைக்கிறாங்கன்னா, ஒரிஜினலை எங்கயோ பதுக்கியிருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

"யார்கிட்ட வாங்குனீங்க?"

"ஒரு பொம்பளகிட்ட. இது பொம்மைக் காசு, பெருசெல்லாம் இல்லவே இல்லன்னு சாதிச்சா. என்ன பண்ணியும் கடைசி வரைக்கும் எடத்தைச் சொல்லல. நெஞ்சழுத்தக்காரி."

பெரிய காசுகள் எங்கோ அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் கிடக்கின்றன. அக்கா உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். அந்த உண்மையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

வெட்டிப் பார்த்தால்தான் தெரியும், அசையாமல் பிடியுங்கள் என்று சின்ன இரும்புக் கட்டையை நகர்த்தினேன். அவன் காசை அதன்மேல் வைத்து வலக்கை விரல்களால் அழுத்திப் பிடித்தான். உளியை எடுப்பேன் என்று நினைத்திருப்பான். நான் சுத்தியலை மட்டும் எடுத்தேன்.

எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அவன் அலறிக்கொண்டே இடக்கையால் கத்தியை உருவி வீசினான். என் முழங்கைக்குக் கீழே சதை பிளந்தது. ரத்தம் தராசில் சொட்டச் சொட்ட எண்கள் ஏறின. முதலாளி பின்னாலிருந்து பாய்ந்தார், கன்னத்தில் ஒரு கீறல் வாங்கினார். நான் ஆசிட் புட்டியை அவன் முகத்தில் கொட்டினேன். கத்தி விழுந்தது, அவனும் விழுந்தான். முதலாளி முழங்காலை அவன் முதுகில் ஊன்றி, போனை எடுத்து போலீசைக் கூப்பிட்டார்.

நான் இரும்புக் கட்டையைத் தரையில் வைத்தேன். அவன் கையை இழுத்து அதன்மேல் வைத்தேன்.

"பெரிய காசெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"தெரியாது. என்கிட்ட இல்லம்மா. சத்தியமா இல்ல."

அக்காவும் இதைத்தான் சொல்லியிருப்பாள், இதே குரலில். அவனுடைய அடுத்த விரலைப் பிரித்து வைத்தேன். போதும்மா என்றார் முதலாளி. ஆனால் முழங்காலை எடுக்கவில்லை.