மீன் தொட்டிக்கு என்று வாங்கிய பசை

"மீன் தொட்டி ஒட்டுற பசை இருக்குங்களா அண்ணே?"

வியாழக்கிழமை மத்தியானம், நான் சாப்பிடக் கிளம்புகிற நேரம். வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஹார்டுவேர் கடை போட்டுப் பத்தொன்பது வருடம் ஆகிறது. மரம், இரும்பு, ரப்பர், அறுந்த செருப்பு, எதை ஒட்டவும் என்னிடம் பசை உண்டு. மீன் தொட்டிக்கென்று நிறமில்லாத சிலிக்கான் ட்யூப் ஒன்றை எடுத்து வைத்தேன்.

"எவ்வளவுங்க?"

"நூறு."

"இந்தச் சுண்டுவிரல் ட்யூபுக்கா? அறுபது."

"அறுபதுக்கு மூடி மட்டும் தரேன், கொண்டு போறீங்களா?"

"மூடியை நீங்களே வச்சுக்குங்க. எழுபது. மீனே ஜோடி நாப்பது ரூபாதான்."

எழுபத்தைந்தில் முடிந்தது. பேரத்தில் நல்ல கை. விலை படிந்த பிறகுதான் அவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள். அதுவும் தெரிந்தவர்கள் செய்கிற வேலை. முன்னாலேயே கேட்டால் தேவை வெளியே தெரிந்துவிடும்.

"நூறு டிகிரி சூடு தாங்குமாண்ணே?"

"மீன் வளக்கப் போறீங்களா, குழம்பு வைக்கப் போறீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. "உள்ள லைட்டு போடுவோம்ல, அந்தச் சூடு."

"அதெல்லாம் தாங்கும்."

"பின்னால வேணும்னா பிளேடு விட்டுப் பிரிச்சிடலாங்களா?"

"பிரிக்கலாம்."

"ஒரு ஓரத்துல மட்டும் ஒட்டாம கொஞ்சம் சந்து விட்டா?"

தண்ணீர் நிற்க வேண்டிய தொட்டியில் சந்து! நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிடும் என்று சொல்லி ஜிபே அடித்துவிட்டுப் போய்விட்டாள். போனைப் பார்த்தேன். பணம் அனுப்பியவர்: ஜெயசுதா வீடியோ மிக்ஸிங், அரியலூர்.

என் அப்பா மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியவர். உழவுக்கு மாடு வேண்டி வருகிறவன் சந்தையில் சும்மா வேடிக்கை பார்க்க வந்ததாகத்தான் சொல்லுவான். எதற்கு என்று சொன்னால் விலை ஏறும் என்பது எங்களுக்குப் பால் குடிக்கும்போதே தெரியும். ஆகவே மீன் தொட்டி பொய் என்று எனக்கு உடனே பிடிபட்டது. அதில் வருத்தமும் இல்லை. ஆனால் அந்த மெய் என்ன? நூறு டிகிரி சூடு ஏறுகிற, பிறகு பிரிக்க வேண்டிய, முழுதாக ஒட்டவும் கூடாத ஒரு பொருள் வீடியோ கடையில் என்ன இருக்கிறது?

வீட்டில் என் மனைவி வேணியிடம் சொன்னேன்.

"காசு வந்துடுச்சுல்ல?"

"வந்துடுச்சு."

"அப்புறம் என்ன? சோத்தைத் தின்னு."

தின்றேன். இறங்கவில்லை.

அரியலூரில் டிப்பர் லாரிப் பட்டறை வைத்திருக்கும் முத்தமிழ்செல்வன், எஞ்சின் மூடிகளுக்குத் தடவுகிற கறுப்பு சிலிக்கான் ஒரு டஜன் கேட்டிருந்தான். எப்போதும் பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானே பஸ் ஏறிவிட்டேன்.

ஜெயசுதாவின் கடை அரியலூர் மார்க்கெட் தெருவில், ஒரு தையற்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் ஏசிக் குளிரோடு சேர்ந்து ஒரு புளித்த வாடை மூக்கில் ஏறியது. வினிகர் பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி. அது என் ட்யூபின் வாடை.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பச்சைத் தகடு. தகட்டின் நடுவில் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு துண்டு. பக்கத்தில் தபால் தலை அளவு உலோக மூடி. தகட்டின் இரண்டு ஓரங்களில் என் பசை ஏற்கெனவே கோடு கோடாக இருந்தது. மூன்றாவது ஓரத்துக்கு ட்யூப் போய்க்கொண்டிருந்தது.

"மூடியை வச்சுடாதம்மா!" என்றேன்.

அவள் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். "நீங்க... பெரம்பலூர் அண்ணன்ல?"

"ஆமா. மீன் எங்க?"

முகம் சிவந்துபோனது. ட்யூபைக் கீழே வைத்தாள்.

"பொய்தாண்ணே. கம்ப்யூட்டருக்குன்னு சொன்னா நீங்க விலையை ஏத்தியிருப்பீங்க."

"ஏத்தியிருப்பேன்," என்று ஒப்புக்கொண்டேன். "அது வேற. இந்த மூடி என்ன உலோகம்?"

"செம்பு. மேல நிக்கல் பூச்சு."

"போச்சு. என் கடை போர்டுல பித்தளை எழுத்தை இதே பசையிலதான் ஒட்டுனேன். ஆறே மாசத்துல ஓரமெல்லாம் பச்சை பூத்துடுச்சு. இந்த வாடை இருக்கே, அது காயற வரைக்கும் கக்குற புளிப்பு. கண்ணாடியை ஒண்ணும் செய்யாது. செம்பைத் தின்னும். மீன் தொட்டிக்குன்னு கேட்டே, மீன் தொட்டிக்குக் குடுத்தேன்."

அவள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கோடுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

அந்தத் தகடுதான் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர். வாங்கி எட்டு வருடம். சூட்டை வாங்கி மேலே இருக்கும் ஃபேனுக்குக் கடத்துவது அந்தச் செம்பு மூடி. மூடிக்கும் சிப்புக்கும் நடுவே ஒரு பேஸ்ட் இருக்கும். அது காய்ந்து திருநீறாகிவிட்டது. மிக்ஸிங் செய்த வீடியோவை ஒரே கோப்பாக்க ஓடவிட்டால் பதினைந்தாவது நிமிடம் சூடு தொண்ணூற்றெட்டைத் தொட்டு மிஷின் தானே அணைந்துவிடுகிறது. வீடியோ பார்த்துக் கற்று, பக்கத்து வெல்டிங் கடை வைஸில் கவ்வி மூடியைக் கழற்றியிருக்கிறாள். புதுப் பேஸ்ட் வாங்கி வைத்தாயிற்று. மூடியைத் திரும்ப ஒட்டத்தான் பசை.

"புதுசு வாங்கிட்டா?"

"இந்த மாடல் இப்ப வர்றதில்லண்ணே. மாத்துனா போர்டுலேர்ந்து எல்லாத்தையும் மாத்தணும். ஜெயங்கொண்டம் பக்கத்துக் கல்யாணம் ஒண்ணு. மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை கத்தாருக்குக் கிளம்புறாரு, அதுக்குள்ள வீடியோ கையில வேணும். பெரிய குடும்பம், வைகாசியிலேயே அவங்க வூட்ல இன்னும் ரெண்டு கல்யாணம். இதைக் குடுக்கலன்னா அந்த ரெண்டும் போயிடும், அவங்க வாயில நானும் போயிடுவேன். பசை காய ஒரு நாள். வீடியோ ஓட அஞ்சு மணி நேரம். இன்னைக்கு ஒட்டுறதுதான் கணக்கு, தப்பா ஒட்டுனா திருத்த நேரமே கிடையாது."

"ஒட்டாம சும்மா வச்சா?"

"போர்டுல கொக்கி போட்டுப் பூட்டும்போது மூடி நகந்துடும். நகந்தா சிப்போட முனை பேந்துடும்."

மேசை டிராயரைத் திறந்து அவள் காட்டியதைப் பார்த்து அசந்துபோனேன். எப்போதோ செத்துப்போன பழைய பிராசஸர் ஒன்று. அதன் மூடியில் பல் குத்துகிற குச்சியால் வைத்துப் பார்த்த பொட்டுகள். ஒன்று சட்டென்று ஒட்டுகிற பசை. ஓரமெல்லாம் வெள்ளைப் புகை படிந்து, சூடு காட்டியதும் விரிசல் விட்டிருந்தது. இன்னொன்று இரண்டு ட்யூபைக் கலந்து தடவுகிற பசை. அதைப் பிளேடால் பெயர்க்கப் போய்ப் பிளேடு உடைந்திருந்தது.

"இது ஒட்டுது. ஆனா நாளைக்கு மறுபடி பேஸ்ட் காஞ்சா எப்படித் திறப்பேன்? விட்டுக்குடுக்காத பசை எனக்கு வேணாம்."

பத்தொன்பது வருடமாக "செத்தாலும் விடாது" என்று சொல்லித்தான் நான் பசை விற்கிறேன். விடுகிற பசை வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் இவள்தான். எனக்கு நாற்காலியில் உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தேன். மடியில் பெட்டி இடித்தது. அப்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

முத்தமிழ்செல்வனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் சுத்தியல் சத்தம்.

"தமிழழகா, சரக்கு எங்கடா? வண்டி திறந்து கெடக்கு!"

"வந்துட்டே இருக்கு. அந்தக் கறுப்பு சிலிக்கான் செம்பைத் திங்குமா?"

"எவன் திங்கப் போறான்?"

"செம்பு, செம்பு! புளிச்ச வாடை வருமா அதுல?"

"அதுல வராது. புளிச்சதை எஞ்சின் பக்கமே கொண்டாரமாட்டேன், சென்சார் வயரெல்லாம் போயிடும். காயிதத்துல பிதுக்கி மோந்து பாரு. மூக்கு சொல்லிடும். எந்த வண்டிக்கு?"

"வண்டி இல்ல. கல்யாண வீடியோவுக்கு."

சுத்தியல் சத்தம் நின்றது. "காலையிலேயே போட்டுட்டியா?"

ஜெயசுதா குறுக்கே புகுந்தாள். "அண்ணே, எவ்வளவு கனமா வைக்கணும்? மூடி தபால்தலை அளவுதாங்க."

பெண் குரல் கேட்டதும் அவன் மரியாதைக்கு வந்தான். "கனமே கூடாதுங்க. இங்க பசங்க பிரஷ்ல பேஸ்ட் வைக்கற மாதிரி வழிய வழிய வைப்பானுவ. பிதுங்கி உள்ளதான் போவும். மூடி உக்காரவும் உக்காராது. எறும்பு போற கோடு மாதிரி வைங்க. அமுக்கிப் புடிக்கிறது போல்ட்டு வேலை, பசை வேலை இல்ல."

"அதேதாண்ணே! கொக்கிதான் அமுக்கும். பசை மூடியை நகராம வச்சிருந்தா போதும்."

"ஆங். விவரமானவங்க. நட்டு போல்ட்டு விக்கிறவனுக்கு எடுத்துச் சொல்லுங்க," என்று அவன் போனை வைத்தான்.

காகிதத்தில் பிதுக்கி இரண்டு பேரும் மூக்கை வைத்தோம். லேசான பெயின்ட் வாடை. புளிப்பு இல்லை. ஜெயசுதா குச்சி முனையில் தொட்டுத் தொட்டு மூன்று ஓரமும் இழுத்தாள். நாலாவதில் பாதி தூரம் போய் நிறுத்தினாள்.

"சந்து," என்றேன்.

"ஆமா. சூட்டுல உள்ள இருக்குற காத்து விரியும். அது வெளிய போக வழி வேணும். இல்லன்னா மூடியைத் தூக்கிடும்."

சிப்பில் புதுப் பேஸ்டை வைத்து, மூடியைப் பொருத்தி, போர்டிலேயே உட்கார்த்திக் கொக்கியைப் பூட்டினாள்.

"இந்த ட்யூபு எவ்வளவுண்ணே?"

"நூத்தி நாப்பது."

"கம்ப்யூட்டர்னு தெரிஞ்சதும் ஏத்திட்டீங்க பாத்தீங்களா?"

"அட்டையில போட்டிருக்கறதே அதாம்மா!"

"நூத்திப் பத்து."

நூற்று இருபதில் நின்றது. முத்தமிழ்செல்வனுக்குப் பதினொரு ட்யூப் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டாவதை நான் கல்யாண வீடியோவில் பூசிவிட்டதாக அவன் இன்றைக்கும் சொல்லித் திரிகிறான்.

சனிக்கிழமை கடையை வேணியிடம் விட்டுவிட்டு மறுபடி அரியலூர் போனேன். என்ன காரணம் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஜெயசுதாவும் கேட்கவில்லை, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வீடியோவை ஓடவிட்டாள். திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண். அறுபது. அறுபத்தாறு. எழுபதுக்குப் போனபோது அவள் முந்தானை நுனியைச் சுருட்டத் தொடங்கினாள். எழுபத்திரண்டு. பத்தாவது நிமிடம், எழுபத்திரண்டு. பதினாலாவது நிமிடம் இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தோம். பதினைந்து முடிந்து பதினாறு வந்தது. மணமகள் திரையில் மாலையைத் தூக்கிக்கொண்டே இருந்தாள், மிஷின் அணையவில்லை.

"எழுபத்திரண்டுலயே நிக்குதுண்ணே," என்றாள் மெதுவாக. சத்தமாகச் சொன்னால் ஏறிவிடும் என்பதுபோல.

மாப்பிள்ளை பென்டிரைவோடுதான் விமானம் ஏறினார். வைகாசியில் அந்த இரண்டு கல்யாணமும் அவளுக்கே வந்தன. முதல் கல்யாணத்தைக் கொடுத்து முடித்த வாரம், சரக்கு எடுக்க அரியலூர் போன நான் மாடி ஏறி எட்டிப் பார்த்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு முழ நீளத்தில், கண்ணாடியில் ஒரு தொட்டி. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்.

"நுனி வெட்டுன ட்யூபை நீங்க திருப்பி எடுக்கமாட்டீங்கள்ல?" என்றாள் ஜெயசுதா. "மீன் தொட்டிக்குன்னு சொல்லித்தான வாங்குனேன். பொய் சொன்னேன்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க."

நான் குனிந்து நாலு மூலையையும் தடவிப் பார்த்தேன். ஒரு சந்துகூட விட்டிருக்கவில்லை.