அழகுமலையின் சாவி

போலீஸ் கிடையாது, கூண்டு கிடையாது, சம்மன் அனுப்பும் அதிகாரமும் கிடையாது. இப்படி ஒரு நீதிமன்றத்துக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சித்தூர் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள் நான். வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கிறது, அதையும் தாரை வார்க்க யாருக்கு மனம் வரும்? ஆனால் விசாரணைக்குக் கிடைத்த கல்யாண மண்டபம் எங்கள் பெரியப்பா குப்பண்ணனுடையது. தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் மனித உரிமை மீறல்களை விசாரிக்க வெளிநாடுகளிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். இடுக்கி மலையில் தோட்டக் கம்பெனிக்குப் பயந்து ஒருவரும் இடம் தரவில்லை. பெரியப்பா யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு உட்கார்ந்து யோசித்தார்.

"ஏங்கண்ணு, போலீசு இல்லாத கோர்ட்டு எங்கயாச்சும் உண்டா?" என்று விசாரணையன்று காலையிலேயே காதைக் கடித்தார்.

"பல்லில்லாத பாம்புங்க பெரியப்பா. கூட்டத்தக் கூட்டிட்டுப் போயிருமுங்க," என்றேன்.

மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவை நகர்த்த ஆள் கிடைக்கவில்லை. நீதிபதிகள் மூவரும் அதிலேயே நெருக்கி உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர் கென்யாவில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா. மாலையும் கழுத்துமாக இருந்திருந்தால் மொய் எழுதிவிட்டே வந்திருப்பேன்.

முத்துப்பேச்சி முதலில் பேசினார். இடுக்கியில் கொழுந்து பறிப்பவர். மகள் மாரீஸ்வரி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். விடியும் முன் வலி கண்டு ரத்தம் போக ஆரம்பித்தது. முத்துப்பேச்சியின் தம்பி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் கேட்டுக்கு வந்தார்கள். அதைத் தாண்டித்தான் தார்ரோடும் ஆஸ்பத்திரியும். கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. தேயிலை ஆலையின் காலைச் சங்கு ஊதி அது திறந்தபோது மாரீஸ்வரிக்கும் உயிரில்லை, வயிற்றுப் பிள்ளைக்கும் இல்லை.

கம்பெனி வேறு கதை சொன்னது. சங்கு ஊதும்வரை கேட்டுக்கு யாருமே வரவில்லை, தாயே வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்துச் சாகவிட்டாள் என்றது. கேட்டுக் காவலுக்கு இருந்த வாச்சர் அழகுமலையும் போலீசில் அப்படியே வாக்குமூலம் கொடுத்திருந்தார். ஜீப் ஓட்டிய தம்பியின் பேச்சு சொந்தக்காரன் பேச்சு என்று எடுபடவில்லை.

"எம்புள்ளைய நானே கொன்னதா எழுதிட்டாக," என்றார் முத்துப்பேச்சி. "எனக்குக் காசு பணம் வேணாம். நான் அவளக் கேட்டு வரைக்கும் கொண்டாந்தேன்னு வேத்தாள் ஒருத்தர் சொன்னாப் போதும்."

கென்யா அம்மா கேட்டார்: "வெறும் சங்கிலிதானே? ஜீப்பால் இடித்திருக்கலாமே?" கேட்கக் கூடாத கேள்வி என்று பட்டது. ஆனாலும் மொழிபெயர்த்தேன்.

முத்துப்பேச்சி என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சங்கு ஊதலையே," என்றார்.

நான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். முந்தின நாளே பஸ்ஸேறி வந்திருந்த தோட்டத்துச் சனங்களில் ஒருவர் முகத்திலும் வியப்பில்லை. சங்கு ஊதினால் எழுவார்கள், ஊதினால் மலையேறுவார்கள், ஊதினால் சாப்பிடுவார்கள். சங்குக்கு முன் கேட் திறந்து அவர்கள் பாட்டன் காலத்திலும் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளை மடியில் செத்துக்கொண்டிருக்கும்போதும் இடிக்கலாம் என்று அந்தத் தாய்க்குத் தோன்றவில்லை. காலையிலிருந்து செய்த கேலியெல்லாம் அதோடு நின்றுபோயிற்று.

அழகுமலையும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலையிலிருந்து கதவோரம் நின்றிருந்தார். இப்போது தானாகவே மேடைக்கு முன்னால் வந்தார். நாற்காலி போட்டோம். "தொரமாருக்கு முன்னாடி உக்காந்து பழக்கமில்லீங்க," என்று நின்றுகொண்டார்.

பேசினால் அவருக்கு வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போகும், மனைவியோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். கடைசி வரிசையில் கம்பெனி ஆள் ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அதை அழகுமலையும் பார்த்தார்.

"இவுகளால என்ன செய்ய முடியும்மா?" என்று என்னைக் கேட்டார்.

பூசி மெழுகத் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? "ஒண்ணும் முடியாதுங்க. யாரையும் ஜெயில்ல போட முடியாது. உங்க ஊட்டையும் காப்பாத்த முடியாது," என்றேன்.

என்ன சொன்னாய் என்று கென்யா அம்மா கேட்டார். சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அவள் சொன்னது உண்மை. எங்களால் உங்களைக் காப்பாற்ற முடியாது. வீடு போகும் என்றால் பேச வேண்டாம், போய்விடுங்கள். நாங்கள் குறை சொல்ல மாட்டோம். பேசினால் கேட்போம். எங்களால் ஆவது அதுதான்."

நான் தமிழில் சொன்னதை அழகுமலை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "இது வரைக்கும் கேட்டவுக எல்லாம் எதைச் சொல்லணும்னும் சேத்துச் சொன்னாக," என்றார். பிறகு முத்துப்பேச்சி பக்கம் திரும்பாமலே பேசினார்.

"வந்தாக. விடியுமுன்னயே புள்ளையக் கொண்டுட்டு வந்துட்டாக. சாவி எம் இடுப்புலதான் கெடந்துச்சு. மேனேசரு பங்களாவுக்குப் போன் போட்டேன், எடுக்கல. தொறக்காதேன்னு ஒருத்தரும் சொல்லலம்மா. தொறன்னும் சொல்லல. அந்தப் புள்ள மாமா, மாமான்னு கூப்புட்டுச்சு. நான் சங்கு எப்ப ஊதும்னு மானத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்."

அதை இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். எந்த அதிகாரமும் இல்லாத மூன்று பேர் முன்னால் ஒரு மனிதர் தன் கூரையைத் தானே பிரித்துப் போட்டுவிட்டார். எந்தப் போலீஸ் இதை அவரிடமிருந்து வாங்கியிருக்கும்?

அழகுமலை கும்பிட்டுவிட்டு, "நாளைக்குப் போயி சாமானத்த எடுக்கணும்," என்று கிளம்பினார்.

முத்துப்பேச்சி எழுந்தார். அறையப் போகிறார் என்றே நினைத்தேன், நானாக இருந்தால் அறைந்திருப்பேன். அவர் அந்தக் காலி நாற்காலியை இழுத்து அழகுமலையின் அருகில் போட்டார்.

"உக்காருங்கண்ணே."

அழகுமலை மேடையைப் பார்த்தார், முத்துப்பேச்சியைப் பார்த்தார், பிறகு நுனியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தேம்பித் தேம்பி அழுதார். முத்துப்பேச்சியும் அழுதார்.

"எங்க போவீக? மதினியக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வாங்க. மாரீஸ்வரி படுத்த எடம் சும்மாதான கெடக்கு."

கென்யா அம்மா என்னைப் பார்த்தார். பத்து வருஷமாக இங்கிலீஷ் நடத்துகிறவள், முதல் வருஷத்துப் பிள்ளை மாதிரித் திக்கித் திக்கி அந்த அழைப்பைச் சொன்னேன். சொல்லி நிமிர்ந்தால் மூன்று நீதிபதிகளும் சோபாவை விட்டு எழுந்து நிற்கிறார்கள். கதவோரம் பெரியப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார்.