ஆளுக்கொரு வேலை

பின்பக்க டயர் பொத்தென்று அமர்ந்ததுமே வேனை ஓட்டிக்கொண்டிருந்த மூத்தவள் கண்ணாடியைப் பார்த்தாள். டயருக்காக அல்ல, பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்காக. அப்பா போய் ஐந்து மாதம். "சித்தி வீடு வரைக்கும் பத்திரமா ஓட்டிக் காட்டு. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை வேனை வித்துடுவேன்" என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். பதினெட்டு வருட வேன். அதில் தூங்கி, சண்டை போட்டு, வாந்தி எடுத்து வளர்ந்தவள் அவள். வேறு யாரோ அதை ஓட்டிப் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பதறாமல் ஓரங்கட்டி, நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு, கைப்பிரேக்கை இழுத்தாள். அதற்குமேல் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் பஞ்சர் என்றால் ஆளுக்கொரு வேலை. வேன் வாங்கிய முதல் வாரமே அப்பா பிரித்துக் கொடுத்தது. தம்பி எச்சரிக்கை முக்கோணத்தைத் தூக்கிக்கொண்டு அறுபது காலடி பின்னால் நடந்தான். தொப்பை விழுந்த பிறகும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனான். அம்மா முன்சக்கரம் உருளாமல் முட்டுக்கொடுக்கக் கல் பொறுக்கினாள்.

"இது சின்னக் கல்லும்மா."

"எனக்கே சொல்லிக் குடுக்கறியா? பத்து வயசுல நட்டைப் பிடிச்சுக்கச் சொன்னா, ஒண்ணை சாக்கடையில போட்டவதானே நீ."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நாலு நட்டோடு அப்பா ஆமை வேகத்தில் வீடு வந்து சேர்ந்தார். வழிநெடுகப் பின்னால் வந்தவர்களிடமெல்லாம் திட்டு வாங்கினார். அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்று அப்பாவின் வேலை அவளுடையது. நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளைப் பூட்டி, வண்டியை இறக்கினாள். தம்பி முக்கோணத்தோடு திரும்பி வந்தான். "எல்லாரும் ஏறுங்க" என்றாள், அப்பா மாதிரியே. கல்லை அகற்றிவிட்டு ஏறிய அம்மாவின் முகம் கண்ணாடியில் கொஞ்சம் தெளிந்திருந்தது.

அரை கிலோமீட்டர்கூடப் போயிருக்காது, பின்னாலிருந்து டக் டக்கென்று சத்தம். நிறுத்தி இறங்கினாள். ஐந்து நட்டும் விரலுக்கே சுழன்றன. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் சக்கரமே கழன்றிருக்கும். சக்கரத்தருகே அப்படியே குந்திவிட்டாள்.

ஏறச் சொல்லிவிட்டு அப்பா உடனே ஏறியதே இல்லை. இவளும் தம்பியும் உள்ளே ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும்போது வேன் லேசாகக் குலுங்கும். அப்பா வேண்டுமென்றே ஆட்டுகிறார் என்று இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சக்கரம் தரையில் பதிந்த பிறகு, ஸ்பேனர்மேல் ஏறி நின்று அவர் ஒவ்வொரு நட்டாக இறுக்கியதை யாரும் பார்த்ததில்லை. அந்த வேலை யார் பங்கிலும் வரவில்லை.

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை.

"நட்டை சரியா இறுக்கலைம்மா. என் தப்புதான். பெரிய ஆபத்தாயிருக்கும்."

அம்மா இறங்கி வந்து, குனிந்து ஒரு நட்டைச் சுழற்றிப் பார்த்தாள். "எல்லாம் அவரே பண்ணிட்டாரு. ஸ்பேனர்மேல ஏறி நின்னு இறுக்கியிருக்காரு, அதான் வேன் குலுங்கியிருக்கு. எனக்கும் தெரியாமப் போச்சு" என்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

"ஸ்பேனரை மாட்டு."

"நீ விழுந்துடுவேம்மா."

"தோளைக் குடு."

ஸ்பேனர்மேல் ஏறிய அம்மாவின் இரண்டு கைகளும் அவள் தோளில் அழுந்தின. மொத்தக் கனமும் இறங்க, ஸ்பேனர் முனகிக்கொண்டு கால் சுற்று இறங்கி நின்றது. அம்மா மூச்சு வாங்கியபடி, வெறுங்கால் கட்டைவிரலால் அடுத்த நட்டைக் காட்டினாள்.