ஒற்றைக் கைத் திருவலை

இறந்துபோன மனைவியின் மையத்தைக் குளிப்பாட்டும் தண்ணீர் முற்றத்தில் கொதித்துவிட்டது. அதைக் கலக்க ஓர் அகப்பை வேண்டுமென்று முத்தலிபு குசினிக்குள் நுழைந்தார். அகப்பை செருகும் மூங்கில் குழாய் வெறுமையாக இருந்தது.

சுற்றிப் பார்த்தார். தேங்காய் துருவும் திருவலை இருக்க வேண்டிய மூலையில் திருவலை இல்லை. இடியப்ப உரல் தொங்கும் ஆணியில் உரல் இல்லை. திரிகை கிடந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் தரையில் இருந்தது.

"றம்லா! உம்மாட சாமானெல்லாம் எங்க புள்ள?"

மகள் வாசலில் வந்து நின்றாள். தாய்க்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு நான்கு நாளைக்கு முன்தான் நுரைச்சோலையிலிருந்து வந்திருந்தாள். அழுதழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"இரவல் போயிரிக்கி வாப்பா."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

உள்ளறையில் வெள்ளைத் துணிக்குக் கீழே றஹ்மத் உம்மா கிடந்தாள். பதினாறு நாள் காய்ச்சல். விடியலில் சுபஹுக்குப் பாங்கு சொல்லி முடியவும் மூச்சு அடங்கவும் சரியாக இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டும் கை கோணலாகவே பொருந்தியது. அரை மூடித் தேங்காயைப் பிடிக்கக்கூட அந்தக் கையில் வலு இல்லை. உப்பளத்தில் வேலை செய்த முத்தலிபு ஒரு வெள்ளிக்கிழமை கற்பிட்டிக்கு நடந்து போய், தோணி கட்டும் ஓடாவியைப் பிடித்தார். பலகை அகலமாக, பல் தாழ்வாக, ஒற்றைக் கையால் மூடியைச் சுழற்றினாலே பூவாய் உதிரும்படி ஒரு திருவலை செய்வித்தார். இடியப்ப உரலுக்கு முழங்கையால் அழுத்தும்படி நீளப் பிடி வைத்துக் கொடுத்தான் ஓடாவி. திரிகையும் அப்படித்தான். தேடித் தேடி வாங்கிய சின்னக் கல், ஒரு பிள்ளைகூடச் சுற்றலாம்.

அந்த லேசுதான் வினையாயிற்று. ஊரில் திருவலை இல்லாத வீடு ஏது? ஆனாலும் றஹ்மத் உம்மாவின் திருவலையில் ஒருதரம் துருவிப் பார்த்தவளுக்குத் தன்னுடையது பிடிக்காமல் போயிற்று. உலக யுத்தம் வந்து, கூப்பன் அரிசி பாதி வயிற்றுக்கும் காணாமல் எல்லோரும் குரக்கன் மாவுக்கு மாறியபின், அதை அரைக்கும் திரிகையும் வீடுவீடாக நடக்கத் தொடங்கியது. முறிந்த கைக்காகச் செய்த சாமான் முறியாத கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

"அப்ப உம்மா எதால தேங்கா துருவின?"

"துருவல்ல வாப்பா. கத்தியால கீறி, உரல்ல போட்டு இடிச்சிப் பால் எடுத்தா. நான் வந்த அண்டைக்கும் காய்ச்சலோட அதத்தான் செஞ்சிக்கிட்டு இருந்தா. போய் வாங்கிட்டு வாறேன் எண்டு எழும்பினேன். கேக்காத புள்ள, அதுகளுக்கும் வேல இரிக்கி எண்டு கையப் புடிச்சிட்டா."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

றம்லா தகப்பனை நேராகப் பார்த்தாள்.

"நீங்க குசினிக்குள்ள எப்ப வாப்பா வந்த?"

பதினாறு நாளும் வேளை தவறாமல் தேங்காய்ப் பாலில் காய்ச்சிய ஆணம் சாப்பிட்டவர் முத்தலிபு. எது எது யார் வீட்டில் என்று உம்மா சொன்னதை மகளிடம் கேட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தார். கிடந்த ஒரு தென்னை மட்டையைக் கழுவி அதனால் தண்ணீரைக் கலக்கினார்.

லுஹர் தொழுகைக்கு முன்பே ஆண்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். கபன் துணியிட்டு, சந்தூக்குப் பெட்டியில் வைத்து, வெளியே கொண்டுவந்தார்கள். தூக்குவதற்கு முன் உரியவர் எழுந்து, மையத்து யாருக்காவது எதுவும் கொடுக்க வேண்டியிருந்தால் அதற்குத் தான் பொறுப்பு என்று சபையில் சொல்வது வழக்கம். பள்ளிவாசல் லெப்பை கண்ணைக் காட்டினார்.

முத்தலிபு எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"என்ட பெண்சாதி ஒங்களுக்கு ஏதும் கொறை வச்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க. ஆருட சாமானாவது இந்த வீட்டுல இரிந்தாச் சொல்லுங்க, தாறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்டும் இல்ல. எனக்குத் தெரியும். அவட சாமான்தான் ஒங்கட வீடுகள்ல இரிக்கி. திருவலை, திரிகை, இடியப்ப உரல், அகப்பை. அதெல்லாம் வந்து சேராம இந்தச் சந்தூக்கத் தூக்க உட மாட்டேன்."

சபையில் ஒரு சலசலப்பு ஓடியது. பின்வரிசையிலிருந்து அத்தாஉல்லா, மீன் வியாபாரி, குரல் கொடுத்தான்.

"என்ன நானா, திருவலையோடயா கபுறுக்குப் போப்போறா ராத்தா?"

"அவக்கு வேணாம்டா. ஒங்களுக்குக் கொஞ்சம் வெக்கம் வேணும். அதுக்குத்தான்."

"எங்கட வீட்டுல இரவல் சாமான் ஒண்டும் இல்ல. படைச்சவன் மேல சத்தியமாச் சொல்..."

"ஊட்டுக்கு ஆளனுப்பிக் கேட்டுட்டுச் சத்தியம் பண்ணு."

லெப்பை அருகே வந்து தோளைத் தொட்டார். "மையத்தக் காக்க வைக்கிறது பாவம் முத்தலிபு நானா."

"தெரியும் லெப்பை. உசிரோட காக்க வச்சது என்ன? அதுக்கு என்ன பேர்?"

லெப்பை கையை எடுத்துக்கொண்டார்.

முன்வரிசையில் வெள்ளைக் கோட்டோடு நின்ற ஹாசிம் முதலாளி மெல்லக் கேட்டார். பக்கத்துத் தென்னந்தோட்டங்களெல்லாம் அவருடையவை. "எங்கட வீட்டுலயுமா இரிக்கி?"

"திரிகை. போன வருஷ நோன்புக்கு எடுத்தது. ஒங்கட வீட்டுல ரெண்டு திரிகை இரிக்கி முதலாளி. அது பாரமாம். இது லேசாம்."

ஹாசிம் முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

"முதலாளி கோவிச்சிக்கிட்டுப் போறார்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். முத்தலிபு தலை நிமிரவில்லை. சந்தூக்கின் கால்மாட்டில் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் பேசாத அந்த நேரத்தில்தான் எல்லோருக்கும் அது கேட்டது. கிடுகு வேலிக்கு அப்பால், சாரா உம்மாவின் முற்றத்தில், சரக் சரக்கென்று தேங்காய் துருவும் சத்தம். மரணம் நடந்த வீட்டில் மூன்று நாள் உலை வைப்பதில்லை. அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொடுப்பார்கள். முதல் சோறு சாரா உம்மா வீட்டில் ஆகிக்கொண்டிருந்தது. எந்தப் பல்லில் அந்தத் தேங்காய் உதிர்கிறது என்று முத்தலிபுக்குச் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

இங்கே மௌனம் நீண்டது அங்கே விளங்கியிருக்க வேண்டும். சத்தம் நின்றது. வேலிக்கு மேலாகத் திருவலை வந்தது. பல்லில் ஈரத் துருவல் ஒட்டியிருந்தது. பின்னாலிருந்து சாரா உம்மாவின் குரல்.

"மச்சான், இந்தாங்க. பத்து நாளைக்கு முந்தி நான்தான் கேட்டேன். அவவே தூக்கிட்டு வந்து தந்தா."

"திருப்பிக் கேக்கல்லியா?"

"அவ கேக்குற ஆளா?" குரல் உடைந்தது. "அவட கை எனக்குத் தெரியாதா மச்சான்? தெரியும். லேசா இரிந்திச்சி, வச்சிட்டேன். வேற என்னத்தச் சொல்ல? பொறுத்துக்கொள்ளச் சொல்லவும் அவ இல்லியே."

முத்தலிபு எழுந்துபோய்த் திருவலையை வாங்கினார். அவள் உட்கார்ந்திருந்த பலகை இன்னும் சூடாக இருந்தது. காலையிலிருந்து அவர் மனதில் அடுக்கி வைத்திருந்த பேச்சுகள் நிறைய. உண்மையைச் சொல்லிவிட்ட ஒருத்தியிடம் அவற்றில் ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. நானும் தின்றேன், நானும் பார்க்கவில்லை என்று இந்தக் கூட்டத்தில் அவர் இன்னும் சொல்லவில்லையே.

இதற்குள் ஒழுங்கையிலிருந்து அகப்பை வந்தது. அடுத்து, முக்காடிட்ட ஒரு பெண் வாசல் படலை இடுக்கால் இடியப்ப உரலை நீட்டிவிட்டு ஓடினாள். அது அத்தாஉல்லாவின் மனைவி. இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தாஉல்லா தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டு, மண்ணைப் பார்த்தான்.

"எங்கட ஊட்டுல என்ன இரிக்கிண்டு எனக்கே தெரியாது நானா" என்றான்.

"எனக்கும் தெரியாமத்தான்டா இரிந்திச்சி."

அதைச் சொன்ன பிறகு முத்தலிபு திருவலையை வேலிக்கு மேலாகத் திரும்ப நீட்டினார்.

"துருவி முடிங்க மச்சி. சபை பசியோட வரும்."

பிறகு லெப்பையைப் பார்த்தார். "தூக்குங்க."

திரிகை வரவில்லையே என்று யாரும் கேட்கவில்லை. கலிமாவோடு சந்தூக்கு படலையைத் தாண்டியது. வெயிலில் மணல் கொதித்தது. தோள் மாற்றித் தோள் மாற்றிப் பள்ளிவாசல் திருப்பம்வரை வந்தார்கள்.

எதிரே ஒருவர் தள்ளாடி வந்துகொண்டிருந்தார். கூலியாள் ஒருவன் வெறுங்கையோடு பின்னால் ஓடிவந்து, "தாங்க முதலாளி, தாங்க முதலாளி" என்று கெஞ்சினான். அவர் கொடுக்கவில்லை. திரிகையின் இரண்டு கல்லையும் ஒன்றாகத் தோளில் வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி, மூச்சு வாங்க வந்தார் ஹாசிம் முதலாளி.

சந்தூக்கைக் கண்டதும் வழியோரம் ஒதுங்கி, குனிந்து, திரிகையை மணலில் வைத்தார். முத்தலிபு சந்தூக்கின் முன்காலிலிருந்து தன் தோளை விலக்கி இடம் விட்டார்.

ஹாசிம் முதலாளி அந்த இடத்தில் வந்து நின்றார். வெள்ளைக் கோட்டின் தோளில் குரக்கன் மா செம்மண்ணாய்ப் படிந்திருந்தது. அவர் அதைத் தட்டிவிடாமல் அந்தத் தோளையே கொடுத்தார்.