இரும்பு படாத ஆடு

2016 மார்ச் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, ஹம் நகரின் வடக்கு ஓரத்தில் லிப்பே ஆற்றங்கரைப் புல்வெளியில் நின்ற அங்கோரா ஆடொன்றின் ரோமம் மூச்சுவிடத் தொடங்கியது. ஆடு மூச்சுவிடுவது புதினமில்லை. ஆனால் இந்த ஆட்டின் விலா ஒரு தாளத்தில் ஏறி இறங்க, அதன்மேல் தொங்கிய சுருள்கள் வேறொரு தாளத்தில் ஏறி இறங்கின. அதே பத்தேகாலுக்குத்தான் ஆஸ்பத்திரியில் பதினேழு வயது அஞ்சலாவின் தொண்டையிலிருந்து குழாயைக் கழற்றினார்கள். ஒன்பது நாள் இயந்திரம் விட்ட மூச்சை அன்று அவள் தானாக விட்டாள்.

அவளுடைய தாய் ஜெயமலர் முதல்நாள்தான் ஆஸ்பத்திரி நடையில் நின்று நேர்த்தி வைத்திருந்தாள். மன்னாரில் அவளுடைய ஆட்கள் அந்தோனியாருக்கு ஆடு நேரும்போது, "இதின்ர உடம்பில இரும்பு படாது" என்று சொல்லித்தான் நேர்வார்கள். அங்கே ஆடென்றால் இறைச்சி. கறிக்கு அறுக்கமாட்டோம் என்பதற்கு அப்படியொரு பேச்சு. பதற்றத்தில் ஜெயமலரும் வாய்ப்பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டாள். ஆனால் அவளுடைய முதியோர் இல்ல வேலையும் புருஷன் றெக்ஸின் தொழிற்சாலை வேலையும் போக மிஞ்சிய நேரத்தில் இருவரும் வளர்த்த பதினொரு ஆடுகளும் கறிக்கானவை அல்ல. மொஹேர் நூலுக்காக இளவேனிலில் ஒருமுறையும் இலையுதிர்காலத்தில் ஒருமுறையும் மின்கத்தரியால் மழிக்கப்படுகிறவை. அவள் நேர்ந்தது அவற்றில் சாதுவான றோசாவை.

"எங்கட ஆட்டை ஆரப்பா அறுக்கப்போறான்? கத்தரிக்கத்தானே வளர்க்கிறம்," என்று றெக்ஸ் சாவகாசமாகக் கேட்டபிறகுதான், தான் சொன்ன இரும்பில் கத்தரியும் அடக்கம் என்பது அவளுக்கு விளங்கியது.

அந்த மாதம் பத்து ஆடுகள் மழிக்கப்பட்டன, றோசா அப்படியே நின்றது. மாதத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அதன் ரோமம் வளர்ந்தது. அஞ்சலா தேறி, பள்ளிக்கூடம் முடித்து, ஆஹெனுக்குப் படிக்கப் போனாள். அங்கே அவள் பஸ்ஸுக்கு ஓடினால் இங்கே ரோமத்துக்கு மூச்சு இளைத்தது. பிள்ளைக்குத் தடிமன், மூக்கடைப்பு என்பதைப் பிள்ளை சொல்லமுதலே தாய் அறிந்தாள். ஒருநாள் ரோமம் அரை மணித்தியாலம் படபடத்தபோது ஜெயமலர் வேலியைப் பிடித்தபடி போன் எடுத்தாள். "வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியில நிக்கிறன் அம்மா, பிறகு எடுங்கோ," என்றாள் அஞ்சலா. அன்றைக்கு ஜெயமலருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் வருஷம் ரோமம் நிலத்தில் இழுபட்டது. மழைத் தண்ணீரையும் சேற்றையும் சேர்த்துச் சுமந்த றோசா சாய்ந்து விழுந்தால் எழும்ப முடியாமல் கிடந்தது. கண்ணை ரோமம் மூடியது, அடித்தோல் புண்ணாகி ஈ மொய்த்தது. வெட்டினால் மகளின் மூச்சு நின்றுவிடும் என்று ஜெயமலர் பயந்தாள். ஆடு செத்தாலும் நின்றுவிடுமே என்று அதைவிடப் பயந்தாள். நேர்த்தியை மாற்றலாம், கெவெலார் மாதா கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினால் போதும் என்றார் தமிழ்ப் பங்குக் குரு. "ஓம் பாதர்," என்று சொல்லிவிட்டு வந்தவள் ஒரு சொல்லையும் நம்பவில்லை. நடைபயிற்சிக்கு வந்த யாரோ முறையிட, மிருக வைத்திய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். றோசாவின் முதுகில் வெகுநேரம் கைவைத்திருந்து, படிவத்தில் "இரண்டு சுவாசம், காய்ச்சல் இல்லை" என்று எழுதினாள். தெர்மின் என்று ஒக்டோபர் பதினைந்தாம் தேதியைத் தவணையாகக் குறித்தாள். அதற்குள் மழிக்காவிட்டால் தாங்களே கொண்டுபோய் மழிப்போம் என்றாள்.

வரவேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இரு என்று ஜெயமலர் கெஞ்சியும் பதினைந்தாம் தேதி காலை ரயிலில் அஞ்சலா வந்து இறங்கினாள். புல்வெளிக்குப் போய், சேற்றில் கிடந்த றோசாவின் கண்ணிலிருந்து சுருள்களை விலக்கினாள்.

"கத்தரியைத் தாங்கோ அப்பா. என்ர மூச்செண்டால் நானே வெட்டுறன்."

"தொடாதை பிள்ளை," என்றாள் ஜெயமலர். "எனக்கு உன்னை இன்னொருக்கா அப்பிடிப் பார்க்க ஏலாது."

"இது எழும்ப ஏலாமக் கிடக்குது அம்மா. எனக்காக ஒண்டு சாகக்கூடாது."

றெக்ஸ் றோசாவைப் பலகையொன்றில் தூக்கிக் கிடத்தி, மின்கத்தரியை இயக்கி மகளிடம் கொடுத்தான். ஜெயமலர் மகளின் முதுகில் உள்ளங்கையைப் பதித்து நின்றாள். வயிற்றுப்பக்கம் வெட்டும்போது அஞ்சலா இருமினாள், கழுத்துக்கு வந்தபோது அவளுடைய உதடு நீலம்பாரித்தது. கடைசிச் சுருள் விழுந்தபோது தாயின் கைக்குக் கீழே முதுகு அசையாமல் நின்றது. முதலில் பலகையில் கிடந்த ரோமம் ஒரு மூச்சு இழுத்தது. பிறகு அஞ்சலா இழுத்தாள். பச்சைப்பிள்ளையின் நிறத்தில் நடுங்கி எழும்பிய றோசாவுக்குக் குளிரில் விறைத்துவிடாதபடி றெக்ஸ் தன் தொழிற்சாலை ஜாக்கெட்டைப் போர்த்திக் கட்டினான்.

அந்த ரோமத்தை விற்கும் யோசனை யாருக்கும் வரவில்லை. கழுவி, உடுப்புக் கூடையொன்றில் இட்டு, வரவேற்பறையில் மாதா படத்துக்குக் கீழே வைத்தார்கள். றோசா வயதுபோய் 2022இல் செத்தது. கூடை மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தது. அஞ்சலா படித்து முடித்து டார்ம்ஸ்டாட்டில் வேலைக்குச் சேர்ந்து, கலியாணமும் கட்டினாள். வருகிற ஆட்களிடம் ஜெயமலர், "அது அஞ்சலா," என்று சொல்லித் தேத்தண்ணி கொடுப்பாள். அவர்களும் கூடையில் கால் தட்டாமல் சுற்றிப்போய் இருப்பார்கள்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த ஜெயமலர் கூடையைக் குனிந்து பார்த்தாள். ரோமத்தின் நடுவில் ஒரு கைப்பிடியளவு இடம் தனியாக, சின்னதாக, இரட்டிப்பு வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தது. டார்ம்ஸ்டாட்டிலிருந்து அந்தச் செய்தியோடு போன் வருவதற்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. முதலில் சந்தோஷம் வந்தது, அதன் காலைப் பிடித்துக்கொண்டே பழைய பயமும் வந்தது. "அந்தோனியாரே, இந்தப் பிள்ளை..." என்று தொடங்கியவள் சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். சொல் திரும்பத் தொண்டைக்குள் இறங்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு குளிர்காற்று படாமல் யன்னலைச் சாத்திவிட்டுப் பூசைக்குப் போனாள்.